காத்தாடியை நிறுத்திவிட்டு உட்கார வேண்டிய தராசு: எஃப்எக்ஸ்-120ஐ (FX-120i), ஆட்டோடிரிக்லர், என் இரண்டு வருட அனுபவம்

துப்பாக்கி சுடும் போட்டியில் 1000 கஜத்தில் காற்றைத் தப்பாகப் படித்தால் குண்டு இடமோ வலமோ போகும். அது சுடுகிறவன் தப்பு; அடுத்த ஷாட்டில் திருத்திக்கொள்ளலாம். நேர் மேலேயும் நேர் கீழேயும் போனால் தப்பு மைதானத்தில் நடக்கவில்லை, போன வாரமே தோட்டா செய்த வீட்டு மேசையில் நடந்துவிட்டது என்று அர்த்தம்.

2023 நவம்பரில் ஃபீனிக்ஸுக்கு வடக்கே பென் ஏவரி மைதானத்தில் எனக்கு நடந்தது இந்த இரண்டாவது வகை. அன்று காற்று எனக்கு நன்றாகவே பிடிபட்டிருந்தது. ஆனால் இருபது ஷாட் முடிந்து இலக்கைப் பார்த்தால், கொத்தனார் தூக்குக்குண்டு விட்டதுபோல் எல்லாம் ஒரே கோட்டில் மேலும் கீழுமாக நிற்கிறது. 200க்கு 189, நடுப்புள்ளி வளையத்தில் மூன்றே மூன்று. அந்தக் கோடுதான் என்னை இந்தத் தராசு வாங்க வைத்தது. 2024 தொடக்கத்தில் வாங்கி, இரண்டு வருடத்தில் நாலாயிரம் தோட்டாவுக்கு மேல் இதில் வெடிமருந்து நிறுத்துவிட்டேன். இப்போது எழுதினால்தான் நேர்மையாக இருக்கும்.

பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. நான் சுடுவது எஃப்-கிளாஸ். கனடாக்காரர் ஜார்ஜ் ஃபார்க்குஹர்சன் தொடங்கிவைத்த போட்டி. அந்த எஃப் அவர் பெயரின் முதலெழுத்து. குப்புறப் படுத்து, முன்னால் இருகாலியோ மேடையோ வைத்து, தொலைநோக்கியுடன் சுடுவது. நான் இருப்பது எஃப்-டிஆர் பிரிவு. அதில் .223 ரெமிங்டன், .308 வின்செஸ்டர் இரண்டுக்கு மட்டுமே அனுமதி. இருகாலி, தொலைநோக்கி எல்லாம் சேர்த்து எடை 8.25 கிலோவைத் தாண்டக்கூடாது. 1000 கஜ இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10 அங்குலம். அதற்குள் இருக்கும் எக்ஸ் வளையம் 5 அங்குலம். ஒரு சாப்பாட்டுத் தட்டையும் அதன் நடுவில் ஒரு சின்ன கிண்ணத்தையும் முக்கால் கிலோமீட்டரைத் தாண்டி, 914 மீட்டரில் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கும் தோட்டா இதற்குப் போதாது. அதனால் இந்த ஆட்டத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தோட்டாவைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். பித்தளைக் கூடு, அடியில் தீமூட்டும் பிரைமர், உள்ளே பவுடர் என்கிற வெடிமருந்து, வாயில் குண்டு, இவ்வளவுதான் பொருள். என் கூடு பின்லாந்தின் லப்புவா. குண்டு பெர்கர். சாண்ட்லரில் இருக்கும் என் வீட்டுக்குப் பக்கத்து ஊரான மேசாவில்தான் பெர்கர் ஆலை இருக்கிறது. பவுடர் ஹாட்ஜ்டன் விற்கும் வார்கெட். அது தயாராவது ஆஸ்திரேலியாவின் முல்வாலாவில். வெயிலில் வேகம் அதிகம் மாறாத பவுடர் என்பதால் அரிசோனாக்காரர்களுக்கு அது உயிர். எத்தனை கிரெயின் போடுகிறேன் என்று இங்கே எழுத மாட்டேன். என் துப்பாக்கிக்குச் சரியான அளவு உங்கள் துப்பாக்கியில் அழுத்தத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று எனக்குத் தெரியாது. ஆலைகள் வெளியிடும் கையேட்டில் உள்ள தொடக்க அளவிலிருந்துதான் யாரும் ஆரம்பிக்க வேண்டும்.

இனி எடைக் கணக்கு. கிரெயின் என்பது 64.8 மில்லிகிராம். சித்த மருத்துவத்தின் இன்றைய கணக்கில் ஒரு குன்றிமணி 130 மில்லிகிராம், அதாவது ஏறக்குறைய இரண்டு கிரெயின். என் துப்பாக்கியில் பவுடர் ஒரு கிரெயின் கூடினால் குண்டின் வேகம் வினாடிக்கு ஐம்பதிலிருந்து அறுபது அடி கூடுகிறது. வேகம் பத்து அடி மாறினால் 1000 கஜத்தில் குண்டு சுமார் 3 அங்குலம் ஏறி இறங்குகிறது. ஆக, குன்றிமணியில் பத்தில் ஒரு பங்கு, 0.2 கிரெயின், முன்னே பின்னே ஆனால் எக்ஸ் வளையத்தின் பாதிக்கு மேல் போச்சு. அதே 0.2 கிரெயினை 100 கஜத்தில் தேடினால் கண்ணுக்கே தெரியாது. 100 கஜத்தில் ஐந்து ஓட்டையும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் படத்தைப் பார்த்து நான் நாலு வருடம் ஏமாந்தது இதனால்தான்.

என்னிடம் முன்பு இருந்தது தானாகப் பவுடர் கொட்டி நிறுக்கும் ஒரு பெட்டி. பெயர் வேண்டாம். அந்த விலைக்கு அது மோசமான பொருள் இல்லை. பெட்டியிலேயே பிளஸ் மைனஸ் 0.1 கிரெயின் என்று எழுதித்தான் விற்றார்கள். உள்ளே இருப்பது லோடு செல், அதாவது பாரம் ஏறினால் நுண்ணளவில் வளையும் ஓர் உலோகத் துண்டும், அந்த வளைவை மின்தடையின் மாற்றமாகக் காட்டும், அதன் மேல் ஒட்டிய மெல்லிய பட்டையும். உலோகம் வெப்பத்துக்கு விரியும், சுருங்கும். ஜூலையில் ஃபீனிக்ஸ் கராஜ் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரவு பத்து மணிக்கும் கதவுக் கைப்பிடி சுடும். ஒரு நாள் தொடங்கும்போது சோதனைக்கல்லை வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஐம்பது தோட்டா கழித்து அதே கல்லை வைத்தால் 0.3 கிரெயின் தள்ளிக் காட்டுகிறது. அந்த ஐம்பதையும் உடைத்துக் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். அன்று கல்லை வைத்துப் பார்க்காமல் விட்டிருந்தால்?

எஃப்எக்ஸ்-120ஐ என்பது ஜப்பானின் ஏ அண்ட் டி நிறுவனம் ஆய்வுக்கூடங்களுக்காகச் செய்யும் தராசு. தோட்டாவுக்கென்று செய்ததில்லை. அதிகபட்சம் 122 கிராம் தாங்கும். நம் கணக்கில் பதினைந்து பவுன். ஒரு மில்லிகிராம் வரை படிக்கும். கிரெயினில் வைத்தால் 0.02, 0.04 என்று இரண்டிரண்டாக ஏறும். வார்கெட் பவுடர் சின்னச் சின்ன கரிக்குச்சி மாதிரி இருக்கும்; ஒரு குச்சியின் எடை ஏறக்குறைய அந்த 0.02தான். அதாவது ஒரே ஒரு மணி கூடினாலும் குறைந்தாலும் இந்தத் தராசுக்குத் தெரியும்.

இது வேலை செய்யும் விதம் எனக்கு முதல் பார்வையிலேயே புரிந்துபோனது. எங்கள் அப்பா மதுரை தெற்காவணி மூல வீதியில் முப்பத்தெட்டு வருடம் தங்க வேலை செய்தவர். கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் வைத்திருந்த தராசில் ஒரு தட்டில் தங்கம் ஏறும், மறு தட்டில் கல் ஏறும், முள் நடுவில் வந்து நிற்கும். எஃப்எக்ஸ்-120ஐயிலும் அதேதான். தட்டில் பவுடர் விழுந்ததும் கோல் இறங்கப் பார்க்கும். உள்ளே காந்தப் புலத்தில் இருக்கும் கம்பிச்சுருளில் மின்சாரம் ஏறி அதைப் பழைய இடத்துக்கே தள்ளும். தள்ள எவ்வளவு மின்சாரம் வேண்டியிருந்ததோ அதுதான் எடை. மறு தட்டில் கல்லுக்குப் பதில் மின்சாரம். லோடு செல்லைப் போல வளைந்து கொடுத்து அளப்பதில்லை, சமநிலைக்குத் திரும்பி அளக்கிறது. அதனால்தான் ஒரு வினாடிக்குள் எண் நின்றுவிடுகிறது. மணிக்கணக்கில் ஓடினாலும் எண்ணின் நகர்வு மிகக் குறைவு.

ஆட்டோடிரிக்லர் இதன் கூட்டாளி. கனடாவைச் சேர்ந்த ஆடம் மெக்டொனால்ட், தானே எஃப்-கிளாஸ் சுடுகிறவர், உருவாக்கியது. குண்டு கடக்கும் ஒலியை வைத்து அது விழுந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் ஷாட்மார்க்கர் மின்னணு இலக்கும் அவருடையதே. தராசின் பின்புறக் கம்பி வழியாக எடை ஆட்டோடிரிக்லருக்குப் போகிறது. ஆட்டோத்ரோ என்ற பகுதி முக்கால்வாசிக்கு மேல் பவுடரை ஒரேயடியாகக் கிண்ணத்தில் கொட்டும். அப்புறம் டிரிக்லர் குழாயிலிருந்து சரம் போல ஓடி, அளவு நெருங்க நெருங்க வேகம் குறைந்து, கடைசியில் ஒவ்வொரு மணியாக விழும். எண்ணை இலக்காகப் போடுவது போன் செயலியில்.

அந்தக் கடைசி இரண்டு வினாடியைத்தான் நான் இன்னமும் ரசித்துப் பார்க்கிறேன். எண் .42இல் நிற்கும். குழாயின் வாயில் ஒரு குச்சி பாதி வெளியே தலைநீட்டும், தயங்கும், விழும். .44. அடுத்தது விழும். .46. சில சமயம் இரண்டு குச்சி ஒட்டிக்கொண்டு ஒன்றாக விழுந்து .50ஆகும். அப்போது ஒன்றை எடுக்க வேண்டும். அதற்கு நான் வைத்திருப்பது அப்பாவின் சாமணம். நுனி தேய்ந்து, பிடிக்கும் இடத்தில் கறுத்துப்போய், அவர் கைக்கு ஏற்ப வளைந்தது. கல் பதிக்கும்போது அவர் பிடித்த அதே இரண்டு விரலால் பிடித்தால் ஒரு பவுடர் மணி தானாக வந்து மாட்டுகிறது. அமேசானில் வாங்கிய மூன்று சாமணமும் பெட்டியில் தூங்குகின்றன.

ஒரு அளவுக்கு எனக்குச் சராசரியாகப் பன்னிரண்டு வினாடி ஆகிறது. முந்தின அளவைக் கூட்டில் கொட்டி, குண்டை வைத்து, அதை அழுத்திப் பொருத்தும் பிரஸ்ஸின் கைப்பிடியை இழுத்து முடிப்பதற்குள் அடுத்தது தயாராக இருக்கும். எண்பது தோட்டா ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறது. பழைய பெட்டியும் நேரத்தில் இதற்குச் சளைத்தது இல்லை. வித்தியாசம் நேரத்தில் இல்லை.

எதில் என்று பார்க்க, வாங்கிய முதல் வாரமே ஒரு சோதனை செய்தேன். பழைய பெட்டியில் முப்பது அளவு கொட்டினேன். முப்பதுக்கும் அது ஒரே எண்ணைத்தான் காட்டியது. ஒவ்வொன்றையும் சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போய் எஃப்எக்ஸ்-120ஐயில் வைத்தேன். மிகக் குறைந்ததுக்கும் மிக அதிகத்துக்கும் 0.36 கிரெயின் இடைவெளி. நான் நாலு வருடமாக ஒரே அளவு என்று நம்பிப் போட்டது இதுதான். ஆட்டோடிரிக்லரில் கொட்டிய முப்பதும் 0.04க்குள் நின்றன.

பிறகு மைதானம். ஒரே நாள், ஒரே கூடு வரிசை, இருபது பழைய முறை, இருபது புதிய முறை, மாற்றி மாற்றி ஐந்தைந்தாகச் சுட்டேன். வேகம் அளந்தது கார்மின் ஸீரோ சி1 புரோ. டாப்ளர் ரேடார், உள்ளங்கை அளவுப் பெட்டி. பழையதில் வேகத்தின் திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து சிதறும் அளவு, வினாடிக்கு 7.5 அடி, உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையே 28 அடி. புதியதில் 5.6 அடி, 20 அடி. இருபது ஷாட் என்பது சின்ன மாதிரி என்பது தெரியும். அடுத்தடுத்த மாதங்களிலும் எண்கள் இதே அக்கம்பக்கத்தில்தான் இருந்தன.

இந்த இடத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஆயிரம் டாலர் போட்டவர்கள் யாரும் சொல்வதில்லை. தராசு மாற்றியதும் எல்லாம் பாதியாகிவிடும் என்று நம்பித்தான் வாங்கினேன். ஆகவில்லை. எடையின் பிழை போனது. மீதிப் பிழை அப்படியே உட்கார்ந்திருந்தது. 20 அடி என்றால் 1000 கஜத்தில் இன்னமும் 6 அங்குலம். ஒரு மாதம் குழம்பினேன். தராசைச் சந்தேகித்து 100 கிராம் கல்லை வைத்து வைத்துப் பார்த்தேன், அது ஒரு மில்லிகிராம்கூட அசையவில்லை. தராசு சரி என்று உறுதியானதால்தான் வேறு எங்கோ தப்பு இருக்கிறது என்று தேடவே ஆரம்பித்தேன். அதுவரை எல்லாப் பழியையும் எடை மேல் போட்டுவிட்டு மற்றதைப் பார்க்காமலே இருந்திருக்கிறேன்.

கண்டுபிடித்தது நான் இல்லை, அப்பா. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் தராசைக் காட்டினேன். அவருக்குத் துப்பாக்கியில் ஆர்வம் கிடையாது, தராசு என்றால் கண் விரியும். அம்மாவின் மூக்குத்தி என்னிடம் ஒன்று இருக்கிறது, அதைத் தட்டில் வைக்கச் சொன்னார். எண் நிற்பதற்குள் அவரே ஒரு எடை சொன்னார். இரண்டு மில்லிகிராம்தான் வித்தியாசம். பிறகு பித்தளைக் கூட்டைக் கேட்டார். இதை என்ன செய்வாய், எத்தனை தடவை திருப்பிப் பயன்படுத்துவாய் என்று கேட்டுக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"ஒவ்வொரு தடவையும் கழுத்த அமுக்கி அமுக்கி எடுக்குறியே, நடுவுல காய்ச்சுறியா இல்லையா?"

"இல்லப்பா."

"தங்கமா இருந்தாலும் பித்தளையா இருந்தாலும் தட்டத் தட்ட இறுகும்டா. கம்பி இழுக்குறவன் காய்ச்சாம இழுப்பானா? ஒண்ணு இறுகியிருக்கும், ஒண்ணு தளர்ந்திருக்கும், எல்லாம் எப்படி ஒரே மாதிரி போகும்?"

குண்டைப் பிடிக்கும் கூட்டின் கழுத்தைக் காய்ச்ச வேண்டும், அதாவது சூடுகாட்டி இளக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வதுதான். நான் ஐந்தாவது ஆறாவது சுடுதலுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருந்தேன். சுடும்போது கழுத்து விரிகிறது, பழைய அளவுக்குக் கொண்டுவர டை என்கிற அச்சில் அழுத்தும்போது சுருங்குகிறது. இப்படி மாறி மாறி நடந்து பித்தளை இறுகுகிறது. ஒவ்வொரு கூடும் ஒவ்வொரு அளவு இறுகினால் குண்டைப் பிடிக்கும் பிடியும் ஒவ்வொரு மாதிரி. இப்போது ஒவ்வொரு முறையும் காய்ச்சுகிறேன். கழுத்தும் தோளும் மட்டும். அடிப்பக்கம் சூடேறவே கூடாது, அது இளகினால் ஆபத்து. காய்ச்ச ஆரம்பித்த பிறகு திட்ட விலக்கம் 4.6 அடிக்கு வந்தது. அதே வசந்தத்தில் பென் ஏவரியில் 194, ஆறு எக்ஸ். தூக்குக்குண்டுக் கோடு போய், புள்ளிகள் வட்டமாக விழுந்திருந்தன.

இனி இந்தத் தராசோடு குடித்தனம் நடத்துவது பற்றி. ஒரு மில்லிகிராம் படிக்கும் எந்தத் தராசுக்கும் காற்று ஆகாது. இதோடு வரும் சின்னக் கண்ணாடி மறைப்பு போதாது, அறையே அமைதியாக இருக்க வேண்டும். சின்ன வயதில் பட்டறைக்குள் நுழைந்தாலே அப்பா தலை நிமிராமல் "காத்தாடிய நிறுத்துடா" என்பார். வெயில் காலத்திலும் அங்கே எடை போடும் நேரத்தில் எல்லோரும் மூச்சுவிடக்கூட யோசிப்போம். நாற்பது வருடம் கழித்து அரிசோனாவில் நான் அதையே செய்கிறேன். கராஜை விட்டு உள்ளே உபரி அறைக்கு மாறினேன். நிறுக்கத் தொடங்கும் முன் ஏசியை நிறுத்துகிறேன், கதவைச் சாத்துகிறேன். ஜூனில் இருபது நிமிடத்தில் முதுகு நனைந்துவிடும். அதனால் கோடையில் நாற்பது நாற்பதாகத்தான் செய்கிறேன்.

மேசை ஆடக்கூடாது. தராசுக்குக் கீழே சமையலறைக்குக் கல் பதித்தபோது மிச்சமான கிரானைட் துண்டு ஒன்று வைத்திருக்கிறேன். பிரஸ் வேறு மேசையில். ஒரே மேசையில் இருந்தால் கைப்பிடியை இழுக்கும் ஒவ்வொரு முறையும் எண் குதிக்கும். தராசைப் போட்டு அரை மணி நேரம் சூடாக விட வேண்டும்; நான் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவேன். போன் ஒரு முழமாவது தள்ளி இருக்கட்டும். இங்கே காற்றில் ஈரமே கிடையாது என்பதால் நிலைமின்சாரம் பெரிய தொல்லை: பவுடர் மணிகள் பிளாஸ்டிக் புனலின் சுவரில் ஈரமணல் போல ஒட்டிக்கொள்ளும். துணி உலர்த்தும் இயந்திரத்தில் போடும் மென்தாளால் புனலையும் கிண்ணத்தையும் துடைத்தால் அடங்குகிறது. உலோகப் புனலுக்கு மாறியது அதைவிட நல்ல முடிவு.

ஒரு சின்னப் பழக்கம் எனக்குப் பலமுறை கைகொடுத்தது. கிண்ணத்தோடு சுழியாக்கியிருப்பதால், கிண்ணத்தைத் தூக்கியதும் தராசு அதன் எடையை மைனஸில் காட்டும். ஒவ்வொரு முறையும் அதே எண் வருகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்கிறேன். மாறினால் சுழி நகர்ந்திருக்கிறது, அல்லது கிண்ணத்தில் ஒரு மணி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதற்குத் தனி நேரம் வேண்டாம்.

எஃப்எக்ஸ் வரிசையில் உள்ளேயே கல் கிடையாது, வெளிக்கல் வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும். உள்கல் வேண்டுமென்றால் எஃப்இசட் வரிசை, விலை கூடுதல். எனக்கு வெளிக்கல்லே பிடித்திருக்கிறது. கையால் வைத்துப் பார்த்தால்தான் நம்பிக்கை வருகிறது. நல்ல தரமுள்ள 100 கிராம் கல்லைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், விரலால் தொடாதீர்கள், வியர்வையும் எடைதான். நான் முதலில் ஆர்டர் போட்ட கடை கல்லை அனுப்பவே இல்லை, ஆறு வாரம் மின்னஞ்சல் எழுதிக் களைத்துப்போய் வேறு இடத்தில் வாங்கினேன். தராசு வாங்கும்போது கல்லும் அதே பெட்டியில் வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

எல்லாம் சேர்த்து எனக்கு ஆயிரத்து நூறு டாலருக்குக் கொஞ்சம் மேல் ஆனது. இது சின்னத் தொகை இல்லை. 300 கஜத்துக்குள் சுடுகிறவர்கள் வாங்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். அந்தப் பணத்தில் நல்ல குழல் போடலாம், நல்ல கூடு வாங்கலாம், முக்கியமாக இன்னும் இரண்டாயிரம் ஷாட் பழகலாம். 600 கஜத்தில் லாபம் தெரிய ஆரம்பிக்கும். 1000 கஜத்தில் போட்டி போடுகிறவர் என்றால் தயங்க வேண்டாம்.

பணம் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. பழைய கோல் தராசு, ஓஹாஸ் செய்து ஆர்சிபிஎஸ் பெயரில் விற்ற 10-10 மாதிரி ஒன்று, சுத்தமான கத்திமுனையோடு கிடைத்தால் அதுவும் ஒரே ஒரு பவுடர் மணிக்கே அசையும். மின்சாரம் வேண்டாம், சூடாக வேண்டாம், நகர்வு கிடையாது. முள்ளுக்கு நேராகக் கண்ணை வைக்க வேண்டும், அவ்வளவுதான். கண்ணுக்கு எதிரே ஒரு பழைய போன் கேமராவை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்க்கிறவர்கள் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். ஒரு அளவுக்கு ஒரு நிமிடம் ஆகும். எங்கள் குழுவில் என்னைவிட நன்றாகச் சுடும் எழுபது வயதுக்காரர் ஒருவர் இன்னமும் அதில்தான் நிறுக்கிறார்.

எந்தத் தராசும் கிண்ணத்தில் இருப்பது எந்தப் பவுடர் என்று சொல்லாது. தப்பான பவுடரையும் அதே 0.02 துல்லியத்தில் நிறுத்துக் கொடுக்கும். என் மேசையில் எப்போதும் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்கும். வேலை முடிந்ததும் ஆட்டோத்ரோவில் மிச்சமிருப்பதை அதே டப்பாவில் கொட்டி மூடிவிடுவேன், ஒரு ராத்திரிகூட விட்டுவைப்பதில்லை. நிறுக்கும்போது பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது. எல்லாக் கூட்டிலும் பவுடர் போட்ட பிறகு விளக்கைச் சாய்த்துப் பிடித்து வரிசையாக உள்ளே பார்க்கிறேன். ஒன்று உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால் அந்த வரிசையே திரும்பக் கொட்டப்படும்.

நம் ஆட்களில் சிலர் கேட்கிறார்கள், அதனால் இதையும் எழுதுகிறேன். அமெரிக்காவில் எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக்கூடாது என்பதுதான் கூட்டாட்சிச் சட்டத்தின் பொது விதி. விதிவிலக்குகள் குறுகலானவை, வழக்கறிஞரைக் கேட்காமல் அவற்றை நம்பி இறங்க வேண்டாம். நான் கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகுதான் முதல் துப்பாக்கியைத் தொட்டேன். இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். அங்கே துல்லியத்தில் ஆர்வம் இருப்பவர்களுக்கு 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி இருக்கிறது. அதன் ஈயக் குண்டுகளையும் எடை பார்த்துப் பிரித்து வைக்கிறவர்கள் உண்டு. மில்லிகிராம் தராசு அங்கேயும் உதவும்.

இரண்டு வருடத்தில் தராசு ஒரு முறைகூடப் பழுதாகவில்லை. டிரிக்லர் குழாயை மாதம் ஒருமுறை துடைக்கிறேன், வேறு பராமரிப்பு இல்லை. விற்றுவிட்டு வேறு வாங்கும் எண்ணம் இதுவரை வரவில்லை.

பிப்ரவரியில் பென் ஏவரியில் பெர்கர் சவுத்வெஸ்ட் நேஷனல்ஸ் வருகிறது. அதற்கு நூற்றைம்பது தோட்டாவாவது வேண்டும். கூடெல்லாம் காய்ச்சி, கழுத்து அளந்து, பிரைமர் போட்டுத் தட்டில் அடுக்கியாகிவிட்டது. தராசைப் போட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன், அரை மணி ஆகிவிட்டது. ஏசியை நிறுத்திவிட்டு முதல் நாற்பதை நிறுக்கப் போகிறேன்.